கல்லுக் குருவியும் ஒரு நீலப் புள்ளியும்

“...முப்பது செக்கன்கூட எடுக்காது உனக்கு. எனக்குத் தெரியும் பாலா. உன்ர கை எங்க போகுது எண்டு நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

என் கை உண்மையாகவே போய்க்கொண்டுதான் இருந்தது, பைக்குள் கிடந்த சின்ன அரத்தை நோக்கி. நான் அனுப்பவில்லை. அது தன்பாட்டில் போனது.

றிச்மண்ட் ஹில்லில் ஒரு பதினோராம் மாடி. யன்னலுக்கு வெளியே, விழுவதா விடுவதா என்று யோசித்தபடி பனி. மேசையில் ஒரு குளியல் துவாய் விரித்திருந்தது. துவாயின் மேல் ஒரு சின்னப் பெண்பிள்ளையின் கை, விரல்களின் நடுவில் முறிந்தது. பக்கத்தில் ஒரு குருவி, வயிற்றுக்குக் கீழே முறிந்தது. அசல் இரண்டும் சலவைக்கல்; அவை இரண்டு நாட்டு மியூசியங்களில் கிடந்தன. எங்களுக்கு முன்னால் இருந்தவை, லேசரால் அளந்து அச்செடுத்த சாம்பல் நிறப் பிரதிகள்.

கையின் முறிவில் என் நீலத்தாளின் மை விட்டுப்போன ஒரேயொரு புள்ளி. குண்டூசித் தலையளவு.

அந்தப் புள்ளியை அராவினால் குருவி கையில் பொருந்தி இருக்கும். அராவாவிட்டால் இருக்காது. விசயம் அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் ஒரு மனுசியின் அறுபது வருசம் இருந்தது.

போன கிழமை இந்தப் பத்தியை, மிசிசாகாவில் விமான நிலையத்தில் நான் தரை துடைத்த கதையோடு நிறுத்தியிருந்தேன். அந்தத் தரை அங்கேயே ஈரமாகக் கிடக்கட்டும். இந்தக் கிழமை என்னைக் கேளாமலே வேறொன்று வந்து கதிரையில் இருந்துவிட்டது.

பல்லோடு வந்தவர்

தரை துடைப்பை விட்டபிறகு குணம் அண்ணையின் லாப்பில் சேர்ந்தேன். பொய்ப்பல் செய்கிற லாப். முன்பக்கம் ஆட்கள் வந்து போகிற இடம், பின்பக்கம் நாங்கள். பள்ளிக்கூடத்தில் படித்து வந்த தொழில் இல்லை. பார்த்துப் படித்தேன், பேச்சு வாங்கிப் படித்தேன், கொஞ்சம் மற்றவர்களின் வாயிலும் படித்தேன், கடவுள் மன்னிக்க.

ஒரு குளிர்காலக் காலையில் உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் உள்ளே வந்தார். வயது எண்பதுக்கு மேல் இருக்கும். தோளில் பனி, கையில் துணிப்பை. வாயில் பல் இல்லை. அதற்காக வாயைப் பொத்தவும் இல்லை. பையிலிருந்து இரண்டு கைலேஞ்சிப் பொட்டலங்களை எடுத்து ஆறுதலாக அவிழ்த்தார். மேல்வாய்ச் செட் நடுவால் இரண்டாகப் போயிருந்தது. ஒவ்வொரு துண்டிலும் நூலால் ஒரு சிட்டை கட்டியிருந்தது. எந்தப் பக்கம், என்றைக்கு உடைந்தது, எங்கே விழுந்தது. ‘குளியலறை, கதவுக்கு வடக்கே’ என்று எழுதியிருந்தார்.

குணம் அண்ணை என் காதுக்குள் சொன்னார்: “தம்பி, உவ பல்லுத் தரேல்லை. பொலிசுக்குச் சாட்சி தாறா.”

உடைந்த செட் கொண்டுவருகிற ஆட்கள் முதலில் வீட்டில் பசை போட்டு ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். இவர் ஒட்டவில்லை. கேட்டேன். 

“பசையா?” என்றவர், நான் ஒரு குழந்தையை அடித்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். “பசை போட்டால் முறிஞ்ச முகம் போயிடும். பேந்து உனக்கு ஆர் உண்மை சொல்லுறது?”

அவர் சொன்னது ஜேர்மன் வாடை அடிக்கிற இங்கிலிஷில். நான் என்னுடைய தமிழில்தான் எழுதமுடியும். அவரை இனி ‘புரொபெசர்’ என்றே சொல்லப்போகிறேன். கடைசிவரை நான் அப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் இல்ஸ. சிட்டையில் அந்தப் பெயருக்கு முன்னால் ‘புரொபெசர்’ என்று இருந்தது.

நான் இரண்டு துண்டையும் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றோடொன்று மெதுவாகச் சேர்த்தேன். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். சத்தம்கூட இல்லை, விரலுக்குள் ஒரு உணர்வு.

“கண்ணை ஏன் மூடினனீ?”

“கண் ஆசைப்படும், புரொபெசர். விரல் ஆசைப்படாது.”

அவர் துணிப்பைக்குள் இருந்து ஒரு கொப்பி எடுத்து அதை எழுதிக்கொண்டார். ஆட்கள் சொல்கிறதையெல்லாம் லாப் சிட்டைகளின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்குத்தான் உண்டு. என் வாயால் வந்ததை இன்னொருவர் எழுதியது அன்றைக்குத்தான். வெட்கமாகவும் இருந்தது, இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றும் இருந்தது.

கழுவிக் கழுவிப் படித்தவர்

பிறகு அவர் பல் உடையாமலே வரத் தொடங்கினார். பின்பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தோம். பிளாஸ்டர் தூசி வெயிலில் மிதக்கும். அந்தத் தூசிக்குள் இருந்துகொண்டு, யாரோ கண்ட கனவைச் சொல்வதுபோல் தன் கதையைச் சொல்வார். நான் பல்லுக்கு மெழுகு வைத்துக்கொண்டே கேட்பேன்.

பிறந்தது ஜேர்மனியில் ஒரு நகரத்தில். நினைவு தெரிந்தபோது அந்த நகரத்தில் பாதிதான் மிச்சம். விளையாடப் போனால் எல்லா இடமும் இடிந்த வீடுதான். மற்றப் பிள்ளைகள் பந்து தேடும்போது இவர் ஓட்டுத்துண்டு தேடினாராம். அடுப்புச் சுவரில் பதிக்கிற நீலப்பூப் போட்ட ஓடு. ஒரு பூவின் ஆறு துண்டுகளைச் சேர்த்துவிட்டார். ஏழாவது அகப்படவில்லை.

“அந்த ஏழாவதைத் தேடித்தான் கிரேக்கத்துக்குப் போனனான்,” என்று சொல்லிச் சிரிப்பார். 

பழைய கிரேக்கம், பழைய உரோமம், அங்கத்தைய சிலை, மட்பாண்டம், கல்லறைக் கல். இதுதான் படிப்பு. மண்ணைக் கிண்டி அகழ்கிற இடங்களில் அந்தக் காலத்தில் பெண்களுக்குக் கொடுத்த வேலை, ஆண்கள் கிண்டி எடுத்ததைக் கழுவுவது. ஒரு கிரேக்கத் தீவில் கடலோரம் ஒரு மரத்தடி, இரண்டு வாளித் தண்ணீர், ஒரு பழைய பல் பிரஷ்.

“பல் பிரஷோ?” என்றேன்.

“ஓம், நானும் உன்ர தொழில்தான்.”

நாலு கோடைகாலம் கழுவினார். கழுவிக் கழுவி ஒவ்வொரு முறிவின் முகமும் விரலுக்குப் பாடமாகியது. மத்தியானத்தில் எல்லாரும் நித்திரை கொள்ள, இவர் அந்த மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு துண்டுகளைத் தடவிக்கொண்டிருப்பாராம். கடல் ஒரே சத்தமாகக் கேட்குமாம், பிறகு கேட்காதாம். எனக்கு அந்தக் கடலைத் தெரியாது. ஆனாலும் அவர் சொல்லும்போது லாப்பில் தண்ணீர்க் குழாய் ஓடினால் அந்தக் கடல்தான்.

இருபத்தாறு வயதில் அவருக்கு அது நடந்தது.

ஜேர்மனியில் ஒரு மியூசியத்தின் இழுப்பறை லாச்சியில் அந்தக் கை கிடந்தது. சின்னப்பிள்ளையின் கை, எதையோ பிடித்தபடி. எதை என்று யாருக்கும் தெரியாது. கையின் பிளாஸ்டர் பிரதி ஒன்றைச் சொக்ஸில் சுற்றி, பைக்குள் வைத்துக்கொண்டு அந்தத் தீவுக்குப் போனார். தீவு மியூசியத்தின் சாமான் அறையில், ஒரு தட்டின் மூலையில், வயிறு முறிந்த ஒரு குருவி இருந்தது. கையை எடுத்தார். குருவியை வைத்தார். குருவி இருந்தது.

ஏதோ ஒரு காலத்தில் செத்துப்போன பெண்பிள்ளையின் கல்லறைக் கல். அவள் கையில் அவள் வளர்த்த குருவி. இரண்டாயிரம் வருசத்துக்கு மேல் பிரிந்திருந்ததை ஒரு இருபத்தாறு வயதுக்காரி சேர்த்து வைத்துவிட்டாள். அவர் எழுதிய கட்டுரை நாடு நாடாகப் போனது. வேலை வந்தது, பட்டம் வந்தது, கனடாவில் புரொபெசர் கதிரை வந்தது. பிறகு எத்தனையோ கிண்டினார், எழுதினார், படிப்பித்தார். ஆனால் அவர் பெயரைச் சொன்னால் ஆட்கள் சொல்வது ஒன்றுதான்: ‘ஓ, அந்தக் குருவி!’

இரண்டு மியூசியமும் தங்கள் கல்லை வெளியே விடவில்லை. அசல் கையும் அசல் குருவியும் ஒருநாளும் ஒன்றையொன்று தொட்டதில்லை. பிளாஸ்டரிலும் படத்திலும்தான் அந்தக் கல்யாணம்.

தேங்காய் பொறுக்கிய கதை

இடையில் இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனைவி வதனி கோபிப்பாள். அவளுக்கு மிகப் பிடித்த கதை இது.

புரொபெசரின் யன்னலில் நின்றால் தூரத்தில் பிள்ளையார் கோயில் கோபுரம் தெரியும். ஒரு விசேச நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். சப்பாத்தைக் கழற்றினார், கும்பிட்டார், ஐயரிடம் வரிசையில் நின்று திருநீறு வாங்கினார். வெளியே வந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை.

தேங்காய் உடைக்கிற இடத்தில் குந்திக்கொண்டு இருக்கிறார்! சிதறிக் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றோடொன்று வைத்து, திருப்பி, கண்ணை மூடி... 

கார் தரிப்பிடம் பார்க்கிற அண்ணை ஒருவர் என்னிடம் ஓடிவந்தார். “ஐசே, உந்த அம்மா உங்களோட வந்தவவோ? பசிக்குதாமோ? உள்ளுக்க சாப்பாடு இருக்கெல்லோ, கூட்டிக்கொண்டு போங்கோவன்.”

“பசி இல்லையண்ணை. பொருத்திப் பாக்கிறா.”

“பொருத்தியோ? உந்தத் தேங்காயை உடைக்கவெண்டுதானே சனம் யூனியன்வில்லில இருந்தும் கார் ஓடி வருகுது!”

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். புரொபெசர் அந்த அண்ணையைப் பார்த்து மிக மரியாதையாகத் தலை குனிந்தார். அதற்குள் ஒரு முழுத் தேங்காயை, ஒன்பது துண்டில், மடியில் பொருத்திவிட்டிருந்தார். அண்ணை வாய் பார்த்து நின்றார். பிறகு இன்னும் நாலு துண்டைத் தானே பொறுக்கி வந்து, “இது எங்க வரும் எண்டு கேளுங்கோ,” என்றார்.

திரும்பி வரும்போது காரில் புரொபெசர் சொன்னதை அன்றைக்கே எழுதி வைத்தேன்: “உண்மையான சோடியைத் தள்ளத் தேவையில்லை. தள்ள வேண்டி வந்தால் அது சோடி இல்லை.”

சொல்லிவிட்டு, மடியில் மிஞ்சியிருந்த தேங்காய்த் துண்டொன்றின் முறிவைப் பெருவிரலால் தடவிக்கொண்டே வந்தார். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் சொன்ன பிழை, அவர் சொன்ன பிழை

ஒருநாள் மத்தியானம், குணம் அண்ணை சாப்பிடப் போயிருந்தார். எப்படிப் பேச்சு வந்ததென்று நினைவில்லை. என்னுடைய பழைய பிழை ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

லாப்பில் சேர்ந்த புதிதில், மட்டக்களப்பு அன்ரி ஒருவரின் செட் உடைந்து வந்தது. துண்டுகள் சரியாக இருக்கவில்லை. நடுவில் ஒரு துணுக்கு எங்கோ விழுந்து துலைந்திருந்தது. நான் என்ன செய்தேன்? முறிவின் முகத்தைக் கொஞ்சம் அராவினேன். வடிவாக இருந்தது. ஒட்டிக் கொடுத்துவிட்டேன். அன்ரிக்கு அதற்குப்பிறகு வலது பக்கத்தால்தான் சாப்பிட முடிந்தது. “செட்டில பிழை இல்லைத் தம்பி, என்ர நாடிதான் கோணலாக்கும்,” என்று சொல்லிச் சொல்லி, வரும்போதெல்லாம் எனக்குப் பயத்தம் பணியாரம் கொண்டுவருவார். நான் வாங்கித் தின்றேன். சொல்லவில்லை. அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

குணம் அண்ணை பிறகு அதைக் கண்டுபிடித்து, “உடைஞ்சதை இன்னொருக்கா உடைச்சிருக்கிறாய்,” என்றார். அவ்வளவுதான். ஏசவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அடித்திருக்கலாம்.

புரொபெசர் மேசையில் கிடந்த பிளாஸ்டர் வார்ப்பொன்றைக் கையில் எடுத்தார். தூசி மிதந்தது. 

“பிளாஸ்டரில குமிழ் வந்தால் என்ன செய்வாய்?” என்று கேட்டார்.

இது எங்கள் தொழிலில் தினமும் நடப்பது. அச்சுக்குள் காற்று அகப்பட்டால், வார்த்து எடுக்கும் பிளாஸ்டரில் அந்த இடத்தில் சின்ன முண்டு ஒன்று புடைத்து நிற்கும். கத்தி நுனியால் சுரண்டிவிடுவோம். யோசிக்கவே மாட்டோம்.

“சுரண்டுவன்.”

“நானும் சுரண்டினனான்,” என்றார்.

தீவின் அந்தச் சாமான் அறையில், முதல் தடவை வைத்தபோது குருவி கையில் இருக்கவில்லையாம். கையின் முறிவில் ஒரு முண்டு. பிளாஸ்டர் குமிழ்தானே என்று பேனாக்கத்தியை எடுத்தார். சுரண்டினார். குருவி இருந்தது.

அங்கே துண்டுகள் ஒட்டுகிற ஒரு வேலையாள் இருந்தார். யானிஸ் என்று பெயர். மீசையும் நரை, ஏப்ரனும் நரை. அவர் இரண்டையும் கையில் வாங்கி, கண்ணை மூடி, சேர்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாராம். “மகளே, இதுகள் ஒண்டையொண்டு விரும்பேல்லை,” என்றாராம்.

“எனக்கு இருபத்தாறு வயது,” என்றார் புரொபெசர். “அவர் பள்ளிக்கூடம் போகாதவர். கட்டுரையின்ர கடைசியில ‘உள்ளூர்த் தொழிலாளி ஒருவரின் உதவியுடன்’ எண்டு எழுதினன். அவ்வளவுதான் எழுதினன்.”

அன்றைக்கு அது குமிழா, கல்லின் சொந்த முண்டா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியிருந்தது. திரும்பிப் போய், லாச்சியைத் திறந்து, அசல் கையைத் தடவிப் பார்த்திருக்கலாம். போகவில்லை. ஒரு வருசம் போகவில்லை, பிறகு பத்து வருசம், பிறகு பெயர் வந்துவிட்டது.

துவாய் விரித்த மேசை

இப்போது அந்தப் பதினோராம் மாடிக்குத் திரும்பி வருகிறேன்.

அவருடைய கட்டுரைகளையெல்லாம் சேர்த்துக் கடைசியாக ஒரு புத்தகம் வரவிருந்தது. முதல் அத்தியாயம் குருவி. அச்சுப் பிரதி மேசையில் அடுக்கி இருந்தது. அப்படியே போகலாமா, மாற்றம் உண்டா என்று அன்றைக்குள் சொல்லச் சொல்லிப் பதிப்பகத்தார் கடிதம் போட்டிருந்தார்கள். அட்டைப் படத்துக்காக இரண்டு மியூசியமும் அசல்களை அளந்து, இந்தச் சாம்பல் நிறப் பிரதிகளைச் செய்து அனுப்பியிருந்தன. பெட்டி வந்து இரண்டு கிழமை. அவர் திறக்கவேயில்லை. காலையில் எனக்குப் போன் எடுத்து, “உன்ர நீலத்தாளைக் கொண்டு வா,” என்றார்.

நீலத்தாள் என்பது பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்கிற மெல்லிய மைத்தாள். எங்கே தொடுகிறதோ அங்கே நீலம் விடும். அது யாருக்கும் இரங்காது.

கைக்கும் குருவிக்கும் நடுவில் தாளை வைத்தேன். கண்ணை மூடினேன். சேர்த்தேன். ‘டிக்’ வரவில்லை. குருவி ஆடியது. எடுத்துப் பார்த்தால், கையில் அந்த ஒரேயொரு புள்ளி. முண்டு அங்கேயே இருந்தது, கல்லின் சொந்த முண்டு. குமிழ் இல்லை. அதை வாங்கிக்கொள்ளக் குருவியின் வயிற்றில் ஒரு பள்ளமும் இல்லை.

அப்போதுதான் என் கை அரத்துக்குப் போனது. அப்போதுதான் அவர் அந்த முப்பது செக்கன் கதையைச் சொன்னார்.

நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“அராவச் சொல்லுறியளோ, வேண்டாமெண்டு சொல்லுறியளோ, புரொபெசர்?”

“தெரியேல்லை,” என்றார். எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் அப்படித் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. “அராவினால் இருக்குமோ?”

“பழைய பிளாஸ்டர் கை இருக்கோ?”

அதைத் தூக்கி எறியவேயில்லை. அலுமாரியிலிருந்து கொண்டுவந்தார், இன்னும் அதே சொக்ஸில். முறிவில் கத்தி சுரண்டிய இடம் நகத்தளவு மொட்டையாகப் பளபளத்தது. அதற்கும் குருவிக்கும் நடுவில் தாளை வைத்தேன். இந்தமுறை குருவி ஆடாமல் இருந்தது. எவ்வளவு வடிவாக இருந்தது என்று எப்படிச் சொல்ல! பிள்ளை அதை இப்போதுதான் பிடித்த மாதிரி. எடுத்துத் திருப்பினேன்.

மூன்று புள்ளி. மிச்சமெல்லாம் வெறும் பிளாஸ்டர்.

உண்மையான முறிவென்றால் விளிம்பு முழுக்க நீலமாகியிருக்கும். அவருக்கு அது என்னைவிடத் தெரியும். ஆனால் கேட்டார்: “சொல்லு.”

பொய் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. அந்த அன்ரியின் பணியாரம் வாய்க்குள் இனித்த மாதிரி இருந்தது.

“மூண்டு காலில எதுவும் நிக்கும், புரொபெசர்,” என்றேன். “இது ஸ்டூல். சோடி இல்லை.”

அவர் அழவில்லை. பிளாஸ்டர் கையை எடுத்து, அந்த மொட்டை இடத்தைப் பெருவிரலால் தடவினார். வெளியே பனி ஒருவழியாக விழ முடிவெடுத்துவிட்டது. கோபுரம் மெல்ல மறைந்தது.

“அப்ப அந்தப் பிள்ளை என்னத்தைப் பிடிச்சிருந்தவள்?” என்றேன்.

“ஆருக்குத் தெரியும்? ஒரு பந்து. ஒரு பழம். அம்மாவின்ர சீலைத் தலைப்பு.” அவர் முகத்தில் எங்கிருந்தோ ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. “அறுபது வருசமா நான் அவளை வேற ஒண்டும் பிடிக்க விடேல்லை.”

பிறகு எழும்பிப்போய் அச்சுப் பிரதியை எடுத்தார். முதல் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். பென்சிலால் ஒரு பந்தியை மேலிருந்து கீழே ஒரே கோடாக வெட்டினார். ‘உள்ளூர்த் தொழிலாளி ஒருவரின் உதவியுடன்’ என்ற வரிக்கு வந்ததும் அதையும் வெட்டினார். ஓரத்தில் எழுதத் தொடங்கினார். ‘இவை ஒன்றல்ல என்பதை அன்றே சொன்னவர் யானிஸ்...’ 

பென்சில் நின்றது.

“முழுப்பேர் தெரியாது எனக்கு,” என்றார். “நாலு கோடை. பக்கத்தில இருந்து சாப்பிட்டனாங்கள். கேக்கவேயில்லை.”

அங்கே அப்போது பின்னேரம். போனை எடுத்து, ஒரு பழைய விலாசக் கொப்பியைப் பார்த்து இலக்கங்களை அமத்தினார். நெடுநேரம் அடித்தது. யாரோ எடுத்தார்கள். எனக்குத் தெரியாத மொழி; அவர் வாயில் அது ஜேர்மன் வாடை இல்லாமல், வாளித் தண்ணீரும் வெயிலுமாக வந்தது. ‘யானிஸ்’ என்பது மட்டும் எனக்கு விளங்கியது, நாலைந்து தரம். அந்தப் பக்கத்தில் இருந்தவர் சாமான் அறையின் காவலாளியாம். எதிர்க் கோப்பிக்கடையில் வயதானவர்கள் இருக்கிறார்கள், கேட்டு வருகிறேன் என்று போனாராம்.

போனைக் காதில் வைத்தபடியே நின்றார். நானும் நின்றேன். துவாயில் கை ஒருபக்கம், குருவி ஒருபக்கம்.

அந்தப் பக்கத்தில் குரல் திரும்பி வந்தது. புரொபெசர் தலையை ஆட்டினார். பென்சிலை நுனிநாக்கில் தொட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிக் கேட்டுக் கேட்டு, அந்தப் பெயரை எழுதினார்.